ஹென்னிங் சொல்லாமல் விட்டது

தாய்லாந்தின் சியாங் மாயில் எங்கள் வட்டத்தில் ஹென்னிங்கைத் தெரியாதவர்கள் கிடையாது. ஏசியில் தண்ணீர் சொட்டினாலும், ஃபிரிட்ஜ் உறுமினாலும் முதல் போன் அவனுக்குத்தான் போகும். டென்மார்க்கில் எஸ்பியர் என்ற துறைமுகத்தில், மீன்பிடிக் கப்பல்களின் குளிர் அறைகளைப் பழுது பார்த்துப் பிழைத்தவன். எழுபத்தொரு வயதிலும் ஏணியில் ஏறுவான். கூலி வாங்க மாட்டான். வேலை முடிந்ததும் கையைக் கழுவிவிட்டு, "சோப்பு நல்லால்ல, வேற வாங்கி வை" என்று ஏதாவது ஒரு குறை சொல்லிவிட்டுப் போவான்.

எங்கள் வட்டம் என்பது ஏழெட்டு கிழவர்கள். எல்லோரும் வெளிநாட்டுக்காரர்கள், எல்லோரும் ஆணோடு ஆணாகக் குடும்பம் நடத்துகிறவர்கள், அல்லது நடத்த ஆசைப்பட்டுத் தனியாக இருப்பவர்கள். ஞாயிறு மதியம் சந்திதாம் பகுதியில் ஒரு காவ் சோய் நூடுல்ஸ் கடையில், துணை உள்ளவர்கள் துணையோடு, கூடுவோம். சொந்த ஊரில் முப்பது நாற்பது வருஷம் மூச்சுக் காட்டாமல் வாழ்ந்துவிட்டு வந்தவர்கள் என்பதால், எங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது: யாரிடமும் பழைய கதையைக் கிளறுவதில்லை. எவனாவது வாய் தவறிக் கேட்டுவிட்டால் மற்றவர்கள் மிளகாய்ச் சட்டியை அவன் பக்கம் நகர்த்துவார்கள். அவனும் புரிந்துகொள்வான். நான் ஹாலந்தில் ஆஸ்பத்திரி நர்ஸாக இருந்தவன், பெயர் யோஸ்ட். பதினாறு வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்து ஹென்னிங்கோடு சாப்பிட்டிருக்கிறேன். அவன் விவாகரத்து ஆனவன் என்று மட்டும்தான் எனக்குத் தெரியும். அதையும் தோங்தீதான் சொன்னான்.

தோங்தீ ஊருக்குள் சிவப்பு வண்டி ஓட்டுகிறவன். பின்னால் இரண்டு பக்கமும் பெஞ்சு போட்ட ஷேர் வண்டி. ஒரு நாள் ஹென்னிங் அதில் ஏறியிருக்கிறான். இறங்கும்போது காசைக் கொடுத்துவிட்டு, "உன் பின் சக்கரம் அழுவுது, கேக்கலயா?" என்றானாம். "வண்டி அழுதா என்ன, ஓடுதுல்ல" என்றானாம் தோங்தீ. ஹென்னிங் அங்கேயே தெருவில் குப்புறப் படுத்துப் பார்க்க ஆரம்பித்துவிட்டான். அப்போது தோங்தீக்கு முப்பத்தைந்து வயது, அவனுக்கு ஐம்பத்து நாலு. அடுத்த மழைக்காலத்தில் இருவரும் ஒரே வீட்டில் இருந்தார்கள். அவர்கள் குடியிருந்த சந்தில் எல்லோரும் ஹென்னிங்கை 'லுங்' என்பார்கள், பெரியப்பா மாதிரி. ஆள் இருந்தால் தோங்தீயும் லுங் என்பான். தனியாக இருந்தால் ஹென். எப்போதும் 'நீங்க'தான்.

சட்டம் வரப் போகிறது என்று உறுதியான செப்டம்பரில் எங்கள் மேஜை கல்யாண வீடு மாதிரி ஆகிவிட்டது. ஜனவரி இருபத்திரண்டாம் தேதி முதல் ஆணும் ஆணும் பதிவு செய்துகொள்ளலாம். ஸ்காட்லாந்துக்காரன் அலஸ்டரும் அவனுடைய துணை பன்யாட்டும் அன்றைக்கே போவதாகத் தேதி குறித்துவிட்டார்கள்.

"லுங், நீங்க ரெண்டு பேரும் எப்போ?" என்று பன்யாட் கேட்டான்.

"அவரக் கேக்காத. அவர் டை கட்டவே மூணு மாசம் யோசிப்பாரு" என்றான் தோங்தீ. முகமெல்லாம் சிரிப்பு.

"கட்டுறதுக்கு கழுத்து இருக்கணும்ல. எல்லாம் தாடையாப் போச்சு அவருக்கு" என்றான் அலஸ்டர்.

ஹென்னிங் மட்டும் தலையை நிமிர்த்தாமல் நூடுல்ஸை அளைந்துகொண்டிருந்தான்.

அக்டோபரில் ஒரு காலை என் வீட்டுக்கு வந்தான். ஏணி இல்லை, கருவிப் பை இல்லை. ஒரு காகிதத்தை நீட்டினான். கல்யாணம் பதிய வேண்டுமென்றால் 'இவர் தற்போது மணமாகாதவர்' என்று அவனவன் தூதரகம் எழுதித் தரவேண்டும். அந்தச் சான்றுக்கான விண்ணப்பம் அது.

"நிரப்ப வேண்டியதுதான?" என்றேன்.

"முடியாது. எனக்குக் கல்யாணம் ஆயிருக்கு."

"விவாகரத்து ஆச்சுன்னு..."

"ஆகல. நான் கேக்கவே இல்ல."

பிறகு சொன்னான். மனைவி பிர்கிட். ஒரே மகள் காரின். தொண்ணூற்றொன்பதில், கிரீன்லாந்து பக்கம் எட்டு மாதக் கப்பல் வேலை என்று சொல்லிப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். வேலை உண்மைதான். எட்டு மாதம் முடிந்ததும் வீடு திரும்பாமல் வேறு கப்பலில் ஏறிவிட்டான். சிங்கப்பூரிலிருந்து ஒரு கடிதம் போட்டான். 'என்னால் உன்னோடு உண்மையாக வாழ முடியவில்லை, உன்மேல் குற்றமில்லை' என்று நாலு வரி. ஏன் என்று எழுதவில்லை. பதில் வரவில்லை. இவனும் மறுபடி எழுதவில்லை.

"இத்தன வருஷத்துல ஒரு தாள் அனுப்பி வெட்டி விட்டிருக்கலாமே."

"அனுப்பினா அவ கையெழுத்துப் போடணும். போடறதுக்கு உக்காந்து என்னப் பத்தி நெனைக்கணும். வேணாம்னு விட்டுட்டேன்." காகிதத்தை மடித்தபடி, "அது பொய். பயம்" என்றான்.

தோங்தீயிடம் முதல் மாதத்திலேயே விவாகரத்து ஆனதாகச் சொல்லிவிட்டானாம். அப்போது அது பெரிய பொய்யாகத் தெரியவில்லை. தோங்தீ எத்தனை நாள் கூட இருப்பான் என்று யாருக்குத் தெரியும்? அப்புறம் வருஷங்கள் ஏறிவிட்டன. ஏறிய பிறகு சொல்ல வாய் வரவில்லை.

"இன்னிக்கே போய் சொல்லு" என்றேன்.

"எஸ்பியருக்கு எழுதறேன். பிர்கிட் சம்மதிக்கட்டும். எல்லாம் முடிஞ்ச தாளக் கைல வச்சுக்கிட்டு சொல்றேன். அதுவரைக்கும் நீ வாயத் தொறக்காத."

திறக்கமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். எங்கள் மேஜையின் ஒழுங்கே அதுதானே என்று சமாதானமும் சொல்லிக்கொண்டேன். இன்று வரை அது என்னை அறுக்கிறது. அதற்குப் பிறகு பத்துப் பன்னிரண்டு ஞாயிற்றுக்கிழமை தோங்தீ எனக்கு எதிரே உட்கார்ந்து, பதிவு அன்று என்ன சட்டை போடுவது, ஊரிலிருந்து அக்காவை அழைப்பதா வேண்டாமா என்று பேசியிருக்கிறான். வெள்ளையா இளநீலமா என்று என்னிடம் அபிப்பிராயம் கேட்டான். இளநீலம் என்றேன்.

டிசம்பர் பாதியில் ஹென்னிங் போன் செய்தான். "கொஞ்சம் வந்துட்டுப் போ." குரலே சரியில்லை. போனேன். வாசல் மேடையில் உட்கார்ந்திருந்தான், மடியில் பிரித்த உறை. டேனிஷ் எனக்கு அரைகுறையாகப் புரியும். எழுதியது பிர்கிட் இல்லை, மகள். இவன் எழுதிய கடிதம் பழைய வீட்டுக்குப் போய், இப்போது அங்கே குடியிருப்பவர்கள் விசாரித்து அவளிடம் சேர்த்திருக்கிறார்கள். சின்னக் கடிதம்.

'அம்மா இறந்து நாலு வருஷம் ஆகிறது. உங்களுக்குத் தெரிவிக்க எங்களிடம் முகவரி இல்லை. எனவே விவாகரத்து தேவைப்படாது. இறப்புச் சான்றின் நகலை இணைத்திருக்கிறேன், உங்கள் வேலைக்கு அது போதும் என்று நினைக்கிறேன். அம்மா கடைசி வரை உங்கள் குடும்பப் பெயரை மாற்றவில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. காரின்.'

கீழே ஒரு மின்னஞ்சல் முகவரி. அவ்வளவுதான்.

"நாலு வருஷமா நான் மணமாகாதவன்தான் யோஸ்ட். எனக்குத்தான் தெரியல" என்றான். சிரிக்கப் பார்த்தான். அது அழுகையாக வந்தது. ஆறடி ஆள், முழங்கால் நடுவே தலையை வைத்துக்கொண்டு குலுங்கினான். நான் தோளில் கை வைத்திருந்தேன்.

தோங்தீ அந்த நேரத்தில் சாப்பாட்டுக்கு வீடு திரும்புவான் என்பது எனக்குத் தோன்றவேயில்லை. வண்டியை நிறுத்திவிட்டு ஓடி வந்தான். "என்ன ஆச்சு? லுங், நெஞ்சு வலிக்குதா?"

ஹென்னிங் நிமிர்ந்து பார்த்தான். மூடி மறைக்கும் தெம்பு அவனிடம் இல்லை. "என் பெண்டாட்டி செத்துட்டா."

"உனக்கு ஏது பெண்டாட்டி?"

பதினேழு வருஷத்தில் முதல் முறையாக 'நீ'. அவனே அதைக் கவனித்த மாதிரி தெரியவில்லை.

ஹென்னிங் எல்லாவற்றையும் சொன்னான். தோங்தீ நின்றுகொண்டே கேட்டான். கத்தவில்லை. முடிந்ததும் என் பக்கம் திரும்பினான்.

"யோஸ்ட் அண்ணே, உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அக்டோபர்ல."

"சட்டைக் கலர் கேட்டனே."

நான் பிரித்த கடிதத்தை மடித்து உறைக்குள் போட்டேன்.

அவன் உள்ளே போனான். பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. காலையில் போட்டுவிட்டுப் போன பாத்திரமெல்லாம் கழுவி, சோறு அவிக்கும் மூங்கில் கூடையைத் துடைத்து வெயிலில் வைத்தான். ஒரு பையில் நாலு துணி எடுத்துக்கொண்டு வெளியே வந்தான்.

"பெண்டாட்டி இருந்தது தப்பில்ல. அவங்க செத்ததுக்கு அழறதும் தப்பில்ல. ஆனா நான் ஒவ்வொரு வருஷமும் எங்கம்மா அஸ்திக்கு முன்னாடி உன்னக் கூட்டிட்டுப் போய், 'இவருக்கு யாரும் இல்ல, நான்தான் இருக்கேன்'னு சொன்னேன். நீ பக்கத்துல கை கூப்பி நின்ன" என்றான் ஹென்னிங்கிடம்.

வடக்கே ப்ராவ் பக்கம் அவன் அக்கா வீடு. வண்டியை எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டான்.

ஹென்னிங் வெள்ளிக்கிழமைதோறும் அவனுக்குப் போன் செய்வான். தோங்தீ எடுப்பான், பேச மாட்டான். இவன் அந்த வாரம் யார் வீட்டில் எந்த மெஷின் கெட்டது, எதை மாற்றினேன் என்று ஐந்து நிமிஷம் சொல்லிவிட்டு, "சரி, அவ்ளோதான்" என்பான். அந்தப் பக்கம் வைத்துவிடும் சத்தம் கேட்கும். "கேக்கறான்ல, அது போதும்" என்பான் என்னிடம். மன்னிப்புக் கேட்டாயா என்றேன். "முதல் வெள்ளிக்கிழமையே கேட்டுட்டேன். ஒவ்வொரு வாரமும் கேட்டா அது அவன் தலைல பாரம் ஏத்தற மாதிரி ஆயிடும்" என்றான்.

காரினுக்கும் எழுதினானாம். எட்டுத் தடவை எழுதிக் கிழித்ததாகச் சொன்னான். ஒன்பதாவதை அனுப்பினானா என்று எனக்குத் தெரியாது.

ஜனவரி இருபத்திரண்டு வந்தது. அலஸ்டர் ஹென்னிங்கைத் தன் சாட்சியாக முன்பே கேட்டிருந்தான். இந்த நிலையில் எப்படி வருவான் என்று நாங்கள் தயங்கினோம். தேய்த்த வெள்ளைச் சட்டையும் டையுமாக எங்களுக்கு முன்னால் தாலுகா அலுவலகத்தில் வந்து உட்கார்ந்திருந்தான். நீண்ட வரிசை. பெண்ணும் பெண்ணும், ஆணும் ஆணும், அவர்களோடு பூங்கொத்து வைத்த அம்மாக்கள். முறை வந்தபோது அலஸ்டரின் கையெழுத்து கோட்டைத் தாண்டிப் போனது. சாட்சிக் கையெழுத்தை ஹென்னிங் நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகப் போட்டான். பதிவு செய்த பெண் அவனைப் பார்த்து, "உங்க துணை வரலியா லுங்?" என்று சாதாரணமாகக் கேட்டாள்.

"வண்டி ஓட்டப் போயிருக்கார்" என்றான்.

வெளியே வந்து எல்லோரும் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தபோது அவனைக் காணவில்லை. பின்பக்கம் ஜன்னல் ஏசிக்குக் கீழே நின்று, தண்ணீர் எங்கே சொட்டுகிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். நான் பக்கத்தில் போய் நின்றேன். இரண்டு பேரும் அதையே பார்த்தோம்.

பிப்ரவரி கடைசியில், காட்டையும் வயலையும் எரிக்கும் புகைக்காலம் தொடங்கியது. அந்த வருஷம் மலை இருக்கும் திசையே தெரியவில்லை. இளம் வயதில் கப்பலில் குளிர் அறையின் அம்மோனியா வாயு கசிந்து ஹென்னிங்கின் நுரையீரல் பாதி வெந்தது. புகை வந்தால் வருஷாவருஷம் தோங்தீ அவனைத் தெற்கே கடற்கரைக்குக் கூட்டிப்போய் இரண்டு மாதம் வைத்திருப்பான். இந்த வருஷம் கூட்டிப்போக ஆளில்லை. நான் சொன்னேன், அலஸ்டர் சொன்னான். "அவன் திரும்பி வந்தா வீடு பூட்டியிருக்கக் கூடாது" என்று ஒரே பதில். புகை நாளில் எல்லோர் வீட்டு ஏசியும் அடைத்துக்கொள்ளும். இருமிக்கொண்டே ஏணியில் ஏறித் தூசி தட்டினான்.

மார்ச் முதல் வாரம் ஒரு மதியம் அவன் வீட்டுக்குப் போனபோது நகங்கள் நீலமாக இருந்தன. நாற்பது வருஷம் பார்த்த நிறம், எனக்கு இரண்டாவது பார்வை தேவைப்படவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு ப்ராவுக்குப் போன் செய்தேன். என் குரலைக் கேட்டதும் வைத்துவிடுவான் என்று நினைத்து, பெயர் சொல்வதற்கு முன்னால் விஷயத்தைச் சொன்னேன்.

இரண்டு மணி நேரத்தில் வந்து சேர்ந்தான். காலில் ரப்பர் செருப்பு, பேண்ட்டெல்லாம் தோட்டத்து மண். என்னைத் தாண்டி உள்ளே போனான்.

ஹென்னிங் ஆக்சிஜன் முகமூடியை நகர்த்தினான். "வந்துட்டியா."

"பேசாதீங்க." தோங்தீ முகமூடியைத் திரும்பப் பொருத்தினான்.

"ஒண்ணே ஒண்ணு. தாள் எல்லாம் ரெடியா இருக்கு, அலமாரில. ஆபீஸ்காரங்கள இங்கயே வரச் சொல்லலாமாம். அலஸ்டர் விசாரிச்சான். கையெழுத்துப் போட்டுடலாமா?"

"மொதல்ல மூச்சு விடுங்க. கையெழுத்து எங்க ஓடிப் போயிடப் போவுது?"

"கோவமா?"

"ஆமா. எழுந்து வீட்டுக்கு வாங்க, முழுசா திட்டறேன். இங்க வச்சுத் திட்டினா நர்ஸ் என்னத் திட்டுவாங்க."

ஹென்னிங் சிரித்தான், அது இருமலாக மாறியது. அன்று முழுக்க தோங்தீ அங்கேயே இருந்தான். ஈரத் துணியால் உடம்பு துடைத்தான், கால் நகம் வெட்டிவிட்டான். ஹென்னிங் அவன் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கினான். அவர்களுக்குக் கிடைத்தது அந்த ஒரு நாள்.

மறுநாள் விடிந்ததும் மூச்சு திணறிவிட்டது. தொண்டையில் குழாய் போட வேண்டும் என்றார்கள். ஒரு படிவம் வந்தது. "நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று நர்ஸ் கேட்டாள். என்ன வார்த்தை சொன்னாலும் அது இன்னும் தாளில் இல்லை. "நண்பர்" என்றான் தோங்தீ. அவள் நல்ல பெண்தான். சங்கடத்தோடு, "சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா? இப்பத்திக்கு டாக்டர் அவசரத்துக்குப் போட்டுடுவார். அப்புறம் முடிவு எடுக்க ஆள் வேணும்" என்றாள்.

காரினின் மின்னஞ்சல் முகவரிக்கு நான் எழுதினேன். ஒரு மணி நேரத்தில் பதில் வந்தது: 'வருகிறேன்.' இருபத்தைந்து வருஷம் அவன் முகத்தைப் பார்க்காதவளுக்கு அவன் உயிரைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை இருந்தது. முந்தின நாள் அவன் நகம் வெட்டியவனுக்கு இல்லை.

மூன்றாம் நாள் காரின் வந்தாள். நாற்பது தாண்டிய வயது, அப்பாவின் உயரம், அப்பாவின் தாடை. கட்டிலருகே நின்று நெடுநேரம் பார்த்தாள். "எனக்கு ஞாபகம் இருக்கற ஆள் இன்னும் பெரிசா இருந்தார்" என்றாள். அவ்வளவுதான். கட்டிலின் ஒரு பக்கம் அவள், மறுபக்கம் தோங்தீ. இருவருக்கும் பொதுவாகக் கொஞ்சம் உடைந்த ஆங்கிலம். முதல் நாள் பேசவில்லை. இரண்டாம் நாள் தோங்தீ வாழையிலையில் சுற்றிய பசைச்சோறும் பொரித்த கறியும் வாங்கி வந்து அவள் கையில் வைத்தான். அவள் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாள்: "எங்களப் பத்தி ஏதாவது சொல்வாரா?"

அவன் பொய் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. "இல்ல. ஒருநாளும் சொன்னதில்ல. ஆனா கடலப் பத்திப் பேச்சு வந்தா எழுந்து போயிடுவார்" என்றான்.

அவள் தலையாட்டினாள்.

ஏழாம் நாள் டாக்டர் அவர்களை உட்காரவைத்து, இனி மெஷின்தான் மூச்சு விடுகிறது, நிறுத்துவதானால் இதில் கையெழுத்து வேண்டும் என்று ஒரு தாளை வைத்தார். எல்லோரும் காரினைப் பார்த்தார்கள். அவள் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு தோங்தீயிடம் திரும்பினாள்.

"நீங்க சொல்லுங்க. எனக்கு அவரத் தெரியாது. நீங்க சொல்றதுக்கு நான் கையெழுத்து மட்டும் போடறேன்."

தோங்தீ அப்போதுதான் முதல் தடவையாக அழுதான். "இன்னும் ஒரு நாள்" என்றான்.

அந்த ஒரு நாள் முழுதாகக் கிடைக்கவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்குள் ஹென்னிங் தானாகவே போய்விட்டான். தாள் வெற்றாகவே இருந்தது.

சடங்கு அந்தச் சந்தின் புத்தர் கோயிலிலேயே நடந்தது. இங்கே வீட்டு ஆண்பிள்ளை யாராவது தலை மழித்து ஒரு நாள் துறவியாகி, சிதைக்கு முன் நிற்பது வழக்கம். மகனோ பேரனோ மருமகனோ செய்வார்கள். தோங்தீ பெரிய துறவியிடம் போய், "நான் செய்யறேன்" என்றான். அவர் என்ன உறவு என்று கேட்கவில்லை. "காலைல வெறும் வயித்தோட வா" என்றார்.

புருவமும் தலையும் மழித்து, காவி உடுத்தி அவன் வெளியே வந்தபோது எனக்கே அடையாளம் தெரியவில்லை. ஐம்பத்திரண்டு வயதில் மூன்று வயதுக் குழந்தையின் முகம். காரின் அவனைப் பார்த்ததும் தாங்க முடியாமல் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு அருகே போனாள். அவன் சட்டென்று இரண்டடி பின்வாங்கினான். அவள் அறை வாங்கியவள் மாதிரி நின்றாள். நான் போய்க் காதில் சொன்னேன்: "துறவியப் பொம்பளைங்க தொடக் கூடாது. இங்க அப்படி. இன்னிக்கு ஒரு நாள்தான்." அவள் கையை இறக்கி, மற்றப் பெண்களைப் பார்த்து, தானும் கை கூப்பினாள். பிறகு நாள் முழுக்க, தகனம் முடியும் வரை, பெண்கள் பக்கம் வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் அவன் காவியைக் களைந்துவிட்டு, பழைய கட்டம் போட்ட சட்டையில் வந்தான். நேரே அவளிடம் போய் இரண்டு கையையும் அவனே நீட்டினான். அவள் பிடித்துக்கொண்டாள்.

அவள் ஊருக்குக் கிளம்புமுன், அஸ்தியில் பாதியை எடுத்துப்போய் அம்மாவின் பக்கத்தில் வைக்கலாமா என்று கேட்டாள். அவளுக்கே கேட்கக் கூச்சமாக இருந்தது. தோங்தீ வண்டி ஓட்டப் போய்விட்டான். மாலையில் திரும்பி வந்து, "எடுத்துட்டுப் போங்க. உங்கம்மா அவர் பேர மாத்தாமலே இருந்தாங்கல்ல" என்றான்.

ஏழு மாதம் அவன் எங்கள் மேஜைக்கு வரவில்லை. தெருவில் பார்த்தால் தலையை மட்டும் அசைப்பான். போன மாதம் ஒரு ஞாயிறு வந்தான். புருவம் முழுதாக முளைத்திருந்தது. எனக்கு எதிரே காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். பன்யாட் அவசரமாக ஏதோ வேடிக்கை பேசினான், எல்லோரும் அளவுக்கு மேல் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் தோங்தீ என்னைப் பார்த்தான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். இந்தச் சட்டம் வரலேன்னா, அவர் என்கிட்ட எப்பவாவது சொல்லியிருப்பாரா?"

யாரோ பழக்கத்தில் மிளகாய்ச் சட்டியை நகர்த்தப் போனார்கள். நான் கையால் தடுத்தேன்.

"தெரியல தோங்தீ. சொல்லியிருப்பான்னு சொல்ல ஆசைதான். எனக்குத் தெரியல."

"எனக்கும் தெரியல" என்றான். "வண்டி ஓட்டும்போதெல்லாம் அதத்தான் யோசிக்கறேன்."

கடைக்காரம்மா கிண்ணத்தைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். அவன் எலுமிச்சையைப் பிழிந்துவிட்டு, தலை குனிந்து சாப்பிட ஆரம்பித்தான்.